மதினி தப்பாகக் கூறிய ஏலம்

மதினி,

இன்று காலை ஏலக்கூடத்தில் என் பக்கத்தில் நின்ற கருவாட்டுக்கார அம்மா, தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்தாள். அதே பச்சைத் தைலம். நெற்றி, கழுத்து, மூக்கு நுனி வரைக்கும் தேய்த்துக்கொண்டு, நீங்கள் வருவதற்கு முன்னாலேயே வாடையை வீட்டுக்குள் அனுப்பி வைப்பீர்களே, அதுதான். நான் ஒரு பெட்டி சீலா மீனை ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். வாடை ஏறியதும் சத்தம் தொண்டையில் நின்றுவிட்டது. நெஞ்சு இறுகியது, கை விறைத்தது. வாங்க வந்தவர்கள் நான் ஏதோ வேடிக்கை காட்டப்போகிறேன் என்று சிரிக்கத் தயாராக நின்றார்கள். ஒருத்தன் சிரித்தும் விட்டான். மீதிப் பெட்டிகளை வேறொருவர் கூறினார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது திரும்ப வந்துவிட்டது மதினி. நீங்கள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை.

பாய் சுருட்டி மூலையில் நிற்கிறது. விரித்துப் படுத்தால் எழும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். சிரிக்க நீங்கள் இல்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அண்ணன் உங்களைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்த அன்றே நமக்குள் வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. சாத்தான்குளத்துப் பக்கம் செம்மண் தேரியில் பிறந்தவர் நீங்கள். இதுதான் கடல், பயப்படாதீர்கள், குடிக்கத்தான் ஆகாது என்று உங்களுக்குக் கடலைக் காட்டினேன். தலைகுனிந்து நின்ற புதுப்பெண் நிமிராமலே சொன்னீர்கள்: “இவ்வளவு தண்ணி கெடக்கு. குளிச்ச ஆளத்தான் ஒருத்தரையும் காணல, கொழுந்தனாரே.” பந்தலே சிரித்தது. அன்றைக்குத் தோற்கத் தொடங்கியவன் நான்.

ஊரையே கிண்டல் செய்து பிழைக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் அழுதால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் தடவை நெஞ்சு இறுகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, நெஞ்சில் கோளாறு இல்லை என்றார்கள். நெஞ்சு இருந்தால்தானே கோளாறு வரும் என்று கூடத்தில் ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறினால் பயம், கூட்டத்தில் நின்றால் பயம், கண்ணை மூடினால் பயம். பிறகு பயமும் ஓய்ந்து, அதைவிட மோசமானது வந்தது. எதுவுமே இல்லை. சோறு மண் மாதிரி இருந்தது. வள்ளங்கள் கரைக்கு வருகிற சத்தம் கேட்டால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். டீக்கடையில் கூட்டாளி ஒருத்தனிடம், செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று சொன்னேன். தொடையில் தட்டிச் சிரித்தான். “செத்தா அங்கன போயும் ஏலம் போடுவ” என்றான். நான் டீயைக் குடித்துவிட்டு வந்து படுத்தேன்.

என் வீட்டுக்காரிதான் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை தூங்க வைத்தது. எழுப்ப ஆள் வேண்டியிருந்தது.

நான் பாயோடு கிடக்கிறேன் என்று தெரிந்த முதல் நாள் எல்லாரும் வந்தார்கள். பழம் வாங்கிக்கொண்டு, புத்தி சொல்லிக்கொண்டு. நீங்களும் வந்தீர்கள். “எழும்பும் கொழுந்தனாரே, எனக்குச் சண்டை போட ஆளில்ல” என்றீர்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, போங்கள், இனிமேல் வரவேண்டாம் என்றேன். எழும்பிப் போய்விட்டீர்கள். மறுநாள் அதே நேரத்துக்குத் தைல வாடை வந்தது. பின்னாலேயே நீங்கள். என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்தீர்கள். அதற்கு அடுத்த நாளும். மற்றவர்கள் வரத்து நின்றுபோன பிறகும்.

ஒருநாள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என் குரல் மாதிரியே அடித்தொண்டையில் தொடங்கினீர்கள். “பாய் ஒண்ணு, கிழிஞ்ச பாய். மேல கெடக்க கொழுந்தன் இனாம். ஐநூறு... நானூறு... முந்நூறு...”

எனக்குள் ஏதோ ஒன்று கடுகடுத்தது. சாக நினைக்கிறவனுக்கு இது எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் தாங்க முடியவில்லை.

“மேலருந்து எறக்க மாட்டாங்க மதினி. கொறச்சுத் தொடங்கி ஏத்தணும்.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் முழுசாகப் பேசியது அதுதான். அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நீங்கள் முகத்தை வைத்துக்கொண்ட விதத்தை நான் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் மட்டும் கேட்டது.

“அப்ப நீரே கூறும். தேரிக்காட்டுக்காரிக்கு என்ன தெரியும்?”

பத்து ரூபாய் என்றேன். எனக்கே கேட்கவில்லை. நீங்கள் ஐந்து என்று கேட்டீர்கள். கூட்டித்தான் கேட்கவேண்டும் என்று எரிச்சலோடு உங்கள் பக்கம் திரும்பிப் படுத்தேன். உங்கள் கண் நனைந்திருந்தது. தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றீர்கள்.

அதன்பிறகு தினமும் ஒரு சாமான். தலையணை, கொடியில் கிடந்த சட்டை. முதலில் உட்கார்ந்து கூறவேண்டும், பிறகு நின்று, பிறகு வாசலில். பக்கத்து வீட்டு ஆட்டைக்கூட ஏலம் விட்டோம். அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நேராக ஏறிப்போகவில்லை. நான்கு நாள் எழும்பினால் ஐந்தாம் நாள் விழுவேன். “சரியாயிட்டு எழும்பணும்னு யாரு சொன்னா? எழும்பும், சரியாவுதா இல்லையான்னு பெறகு பாப்போம்” என்பீர்கள். பயம் வந்தால் என்ன செய்ய என்று கேட்டேன். வேண்டாத சொந்தக்காரன் மாதிரி நினைத்துக்கொள்ளும், கதவை அடைத்தால் தட்டிக்கொண்டே இருப்பான், திறந்து வைத்துவிட்டு உம்ம வேலையைப் பாரும், காப்பி மட்டும் கொடுத்துவிடாதேயும் என்றீர்கள்.

கூடத்துக்குத் திரும்பிய அன்று வாசலிலேயே கால் நின்றுவிட்டது. மூச்சு முட்டியது, சாகப்போகிறேன் என்று உங்கள் கையைப் பிடித்தேன். மீன் வாடை ஆகாமல் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர், தலைப்பை எடுத்தீர்கள். கொழுந்தனாரே என்கிற மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. “ஏலே, இது பயம். சாவு இல்ல. நில்லு” என்றீர்கள். நின்றேன். அது வந்தது, உச்சிக்குப் போனது, இறங்கியது. இரண்டு பெட்டி சாளை மீன் கூறிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் காலில் சர்க்கரைப் புண் வந்து, நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நானும் தினம் வந்தேன். நர்சம்மா நடக்கிற நடையைப் பற்றி ஏதோ சொன்னேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அன்றுதான் நான் முதல் தடவையாக ஜெயித்தேன். அப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கும் வரக்கூடாது மதினி.

இப்போது அண்ணன் உங்கள் வீட்டில் டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காலடிச் சத்தமில்லாமல் நடக்கிறாள். சில நாளாகவே விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது. மார்பில் ஐஸ் பெட்டியை ஏற்றி வைத்த மாதிரி. தலையணையைத் தனியாகவே ஏலம் விட்டுப் பார்த்தேன். தப்பாகக் கேட்க ஆளில்லை. திருத்துவதற்கும் ஒன்றுமில்லை.

வேண்டுமென்றே தப்பாகக் கூறினீர்களா? இத்தனை வருசம் எங்கள் வீட்டில் ஏலப் பேச்சைக் கேட்டே சோறு பொங்கியவருக்கு, ஏற்றுவது எது, இறக்குவது எது என்று தெரியாமலா இருந்திருக்கும்? கேட்க விட்டுப்போயிற்று.

நாளைக்கு டாக்டரிடம் திரும்பப் போகவேண்டும் என்று இவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். போவேன். அதற்கு முன்னால் காலையில் கூடத்துக்கும் போகவேண்டும். மாத்திரைக்கு டாக்டர் இருக்கிறார். எழுப்புவதற்குத்தான் நீங்கள் இல்லை.

நீங்கள் எனக்குச் செய்ததை எல்லாம் யோசித்துப் பார்த்தால், முதல் நாள் வந்தது பெரிதில்லை. அன்றைக்கு ஊரே வந்தது. வரவேண்டாம் என்று சொன்னவனிடம் மறுநாள் வந்தீர்களே, அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறவனும் நான்தான், மறுநாள் வரவேண்டியவனும் நான்தான்.

நாளைக்குப் போவேன் மதினி. சத்தம் வருமா தெரியாது. வராவிட்டால் அதற்கு அடுத்த நாளும் போவேன்.