குழந்தை தூங்கும் இடம்

என்னங்க, வணக்கம். முதுகுவலி தேவலையா? நம் வாலு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

நேற்று நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தூங்கவைக்கிற பிள்ளைகளின் கட்டணத்தில் பாதியை அரசாங்கமே கட்டுகிறதாம், பாலுக்கும் துணிக்கும் தனியாகப் பணம் தருகிறதாம்! சமையல்காரம்மா சொன்னதும், நம் பிள்ளைக்கும் கிடைக்குமா என்று கேட்க அரசு அலுவலகத்துக்கு ஓடினேன்.

"உங்க குழந்தை எங்கம்மா தூங்குது?" என்றார் எழுத்தர்.

"ஊர்ல, அவ அப்பா பக்கத்துல."

"அப்போ கிடையாது. இங்க, உங்ககூட இருந்தாத்தான்."

அப்படியே காப்பகத்துக்குத் திரும்பினேன்.

அவளை இங்கே கூட்டிவந்துவிடலாமா? காப்பகத்திலேயே இடம் தருவார்களாம். சும்மா கேட்டேன், கவலைப்படாதீர்கள்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். அவள் உயரத்தை நூலால் அளந்து, அந்த நூலை அனுப்புங்கள். இங்கே கட்டிலில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு. அவளுக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை.