சிவப்பு டேப் ஒட்டிய பிளக்

மார்ச் 3, செவ்வாய்

இன்றிலிருந்து ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்குவதற்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், தங்கை வீட்டில் இரண்டு வாரம் படுத்திருந்தேன். இன்று காலைதான் என் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்னறைக்குப் போனேன். சுவரெல்லாம் இளம் ரோஸ். புதுப் பெயிண்ட் நெடி. ஒரு சோபா, ஜன்னலில் பூப்போட்ட திரை. என் மேசை இல்லை. சாலிடரிங் இரும்பு இல்லை. அலமாரி இல்லை. அலமாரியில் இருந்த இருபத்து மூன்று கணினிகளும் இல்லை.

"தூசி உனக்கு ஆகாதுன்னு மாப்பிள்ளைதான் ஆளை விட்டு எடுக்கச் சொன்னார்" என்றாள் அம்மா, தங்கையின் கணவரைச் சொல்லி. "பழைய சாமான்தானேடி. வாயத் தொறக்காத, தையல் விட்டுரும்."

வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் இந்த நோட்டைத் திறந்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

எங்கே போயின என்று தெரிந்துவிட்டது. பழைய சாமான் கடைக்குப் போயிருந்தால்கூட ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். மாப்பிள்ளை அவற்றைத் தன் கம்பெனிக்குக் கொண்டுபோயிருக்கிறார். புதுக் கட்டடத்தின் வரவேற்பறையில் கண்ணாடி மேடை போட்டு வைக்கப் போகிறார்களாம். தங்கை போனில் படம் அனுப்பினாள். மேலே பித்தளைப் பலகை: "சேகரித்துச் சீரமைத்தவர்" என்று போட்டு மாப்பிள்ளையின் முழுப் பெயர், இனிஷியலோடு.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பதினெட்டு வருடம். டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்து விசைப்பலகைப் பெட்டிகள். மூடிய பள்ளிக்கூடங்களில், காலி செய்கிற வீடுகளில், இரும்புக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பகலெல்லாம் லிஃப்ட் கம்பெனியில் கட்டுப்பாட்டு போர்டு ரிப்பேர், ஞாயிறானால் இவை. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, செத்த பாகங்களை மாற்றி, மஞ்சளேறிய மூடிக்கு முடி வெளுக்கும் கிரீம் பூசி, மொட்டை மாடி வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி வைத்து... ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறேன். தவளை என்ற பெட்டிக்கு ஒரே ஒரு பச்சை விசை கிடைக்க நான்கு வருடம் காத்திருந்தேன். நான்கு வருடம்!

மாப்பிள்ளைக்கு ஸ்குரூ டிரைவரில் எந்தப் பக்கம் பிடி என்றாவது தெரியுமா?

மார்ச் 8, ஞாயிறு

வந்தார். கையில் ஆப்பிள் பை. உடம்பு எப்படி இருக்கு அக்கா என்றார். நான் நேரடியாகக் கேட்டேன்.

"அக்கா, குடும்பத்துல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு? நம்ம வீட்டுப் பேருதானே வெளிய வருது" என்றார். "உங்க பேரைப் போட்டா, நீங்க யாரு எவருன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. எனக்கு அடுத்த மாசம் மேலே போற சான்ஸ் இருக்கு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்."

அம்மா தலையாட்டினாள். தங்கை ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம். அந்த ஆளின் மூஞ்சி ஊர் நடுவே வெளிறிப்போவதை ஒரு தடவை பார்த்தால் போதும்.

மார்ச் 12, வியாழன்

கம்பெனிக்குக் கடிதம் எழுதலாமா? "பொம்பளை பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ரசீதா வைத்திருக்கிறேன்?

மார்ச் 14, சனி

கடவுளே வந்து வாசலில் நின்றது மாதிரி இன்று ஒரு போன்.

மாப்பிள்ளைதான். வெள்ளிக்கிழமை திறப்பு விழாவாம். வெறுமனே வைத்தால் அழகில்லை, எல்லாவற்றையும் ஓடவிட வேண்டும் என்று பெரியவர் ஆசைப்படுகிறாராம். பெரியவர் என்றால் கம்பெனி முதலாளி.

"எல்லாத்தையும் ஆன் பண்ணலாமா அக்கா? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணுல மட்டும் பிளக்கைச் சுத்தி சிவப்பு டேப் ஒட்டியிருக்கு. கொஞ்சம் பழுத்த கலர்ல, பெரிசா."

பூசணி. அதன் வயிற்றிலேயே மின்சாரப் பகுதி இருக்கிறது. மின்சாரம் நுழைகிற இடத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கப்பாசிட்டர், அதன் மேல் ஓடு முழுக்க விரிசல். இத்தனை வருட ஈரம் அதற்குள் இறங்கியிருக்கும். செருகினால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் சமர்த்தாக ஓடும். பிறகு வெடிக்கும். அழுகின மீனை எரித்த மாதிரி ஒரு புகை வரும். ஒரு வாரத்துக்குத் துணியை விட்டுப் போகாது. மாற்றுவதற்குள் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. அதனால்தான் டேப்.

"அது சும்மா அடையாளத்துக்கு" என்றேன். "பிச்சிடுங்க."

போனை வைத்த பிறகு காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன். பதினெட்டு வயதில் முதல் சம்பளத் தேதிக்கு இப்படி வட்டம் போட்டிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

பூசணியை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. மூடி கருகலாம். பலகை போகலாம். என் கையால் பிழைத்தது, என் வாயால் சாகப் போகிறது.

ஒரு போன் போட்டால் போதும். இரண்டு தடவை எண்ணை எடுத்தேன். இரண்டு தடவையும் அந்தப் பித்தளைப் பலகை கண்ணில் வந்து நின்றது.

சாகட்டும்.

மார்ச் 20, வெள்ளி

ஐயோ, சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடமெல்லாம் வலிக்கிறது.

தங்கைதான் கூப்பிட்டாள், "நீயும் வாக்கா, அவருக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். இருபத்து மூன்றும் கண்ணாடி மேடையில், திரைகள் நீலமும் பச்சையுமாக... மனசுக்குள் ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எண்ணினேன். அப்புறம் அவர் மைக்கைப் பிடித்தார்.

"ஒவ்வொரு திருகும் என் கை பட்டது. ராத்திரி தூக்கமே கிடையாது" என்றார். முதலாளி தோளில் தட்டினார். கைத்தட்டல். நானும் தட்டினேன். மற்றவர்களை விடக் கொஞ்சம் பலமாகவே.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம். ஏழு. எட்டாவது நிமிடத்தில், "பொறுமைதான் என் ரகசியம்" என்று அவர் சொல்லும்போது பட்டென்று ஒரு சத்தம். பூசணியின் பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை கட்டி கட்டியாக வந்தது. பிறகு நாற்றம். முதலாளி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தீ அலாரம் அலறியது. மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் "ஐயோ, ஐயோ" என்றது ஸ்பீக்கர் வழியாக அத்தனை பேருக்கும் கேட்டது.

எல்லோரையும் படி வழியாக இறக்கினார்கள். இறங்கும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் வந்த அம்மாள் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள்.

மூன்று வாரத்தில் முதல் தடவையாக இன்று நன்றாகப் பசித்தது.

மார்ச் 21, சனி

இன்றும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். "ஐயோ, ஐயோ."

மார்ச் 23, திங்கள்

தங்கை போன் செய்தாள். குரலில் துக்கமே இல்லையே என்று பார்த்தால்—

"நல்லவேளைக்கா, அவர் பேரு கெடல. எல்லாம் அந்த ஒயர்மேன் பண்ணின வேலையாம். சரியா செக் பண்ணாம செருகிட்டானாம். அவனை அன்னிக்கே அனுப்பிட்டாங்க. கையும் வெந்துபோச்சு பாவம், புகையற பெட்டியைக் கம்பளத்துல விழாம அவன்தான் தூக்கினான். உருகின பிளாஸ்டிக்கு உள்ளங்கையில அப்பிக்கிச்சு."

போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவரே பெரியவர்கிட்ட சொல்லிட்டார், ஆளு கவனமில்லாதவன்னு."

யாரோ ஒரு ஒயர்மேன். நான் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. யார் செருகுவார்கள் என்று நினைத்தேன்? மாப்பிள்ளையா குனிந்து செருகப் போகிறார்? அறிவு கெட்டவளே, இருபத்தஞ்சு வருஷமா போர்டு பாக்குற, இது தெரியாதா உனக்கு?

மார்ச் 26, வியாழன்

கம்பெனி வாசல் காவலாளியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் அடிவயிறு இழுத்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார். நான் யார் என்று சொன்னேன். மாப்பிள்ளையின் மனைவிக்கு அக்கா, அந்தக் கணினிகள் என்னுடையவை என்று.

"தெரியும் மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க குரலைக் கேட்டிருக்கேன். அந்த டேப்பைப் பாத்து நிறுத்தினதே நான்தான். சிவப்பு டேப் யாரும் சும்மா ஒட்டமாட்டாங்க, மூடியக் கழட்டி ஒரு தடவை பாத்துட்டுப் போடலாம் சார்னேன். நேரமில்லைன்னு உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு. நீங்க பிச்சிடுங்கன்னீங்க. வேலை தெரிஞ்சவங்க குரல் மாதிரி இருந்துச்சு. பிச்சேன்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"இதை அங்க யார்கிட்டயும் சொல்லலியா நீங்க?"

"சொன்னேன். அப்படி ஒரு போனே நான் பண்ணலைன்னு உங்க மாப்பிள்ளை சொல்லிட்டாரு. பாக்குறவங்களுக்கு யாரு பேச்சு பெரிசு?"

உள்ளே ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவியாக இருக்கும். உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

தெரிந்துதான் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

அவர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "அப்ப அதை அங்க வந்து சொல்லுங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

மார்ச் 28, சனி

முதலாளிக்குக் கடிதம். முதல் பிரதியில் மாப்பிள்ளையைப் பற்றி முப்பது வரி, என்னைப் பற்றி ஒரு வரி. அதுவும் எப்படி? "என் கவனக்குறைவும் ஓரளவு காரணம்." படித்துப் பார்த்தபோது மாப்பிள்ளையே எழுதின மாதிரி இருந்தது. கிழித்தேன்.

இரண்டாவது பிரதி: வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். டேப்பைப் பற்றிக் கேட்டார்கள். பிய்க்கச் சொன்னேன். ஒயர்மேன் சந்தேகப்பட்டார், அவர்தான் சரி. பதினான்காம் தேதி வந்த அழைப்பு என் போனில் இருக்கிறது, நேரமும் நிமிடமும் சேர்த்து. படம் இணைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி: "கணினிகள் என்னைக் கேட்காமல் எடுத்துச் செல்லப்பட்டவை." அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. நான் மகாத்மா இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கூப்பிட்டு விசாரித்தார்கள். நீள மேசை, அந்தப் பக்கம் நான்கு பேர். மாப்பிள்ளை ஓரத்தில். ஒயர்மேன் கதவருகே, நின்றுகொண்டே.

"தெரிஞ்சே செஞ்சீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"உயிர் போயிருந்தா?"

அந்தக் கேள்வியை ஒரு வாரமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையிடம் போன் விஷயத்தைக் கேட்டார்கள். வெளிறிப்போனார். நான் பார்க்க ஆசைப்பட்ட மூஞ்சி, அச்சு அசலாக. சந்தோஷப்பட்டேனா? ஆமாம். பொய் எதற்கு? ஆனால் அதே நேரம் ஒயர்மேன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

தங்கையிடமிருந்து ஒரு வரிச் செய்தி: "அவரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. இனிமே எனக்கு அக்கா இல்ல."

ஏப்ரல் 11, சனி

இருபத்து மூன்றும் வேனில் வந்து இறங்கின. பூசணி ஒரு சாக்கில் தனியாக.

அம்மா அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உன் தங்கச்சி தனியா பொட்டி கட்டிட்டு இருக்கா. நான் அவகூடப் போறேன்" என்றாள். "நீ இந்தப் பொட்டிங்களோடயே குடும்பம் நடத்து."

அம்மாவின் பையை நான்தான் கீழே கொண்டுபோய் வைத்தேன். கனமாக இருந்தது. ஆறு வாரம் இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒயர்மேனை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். காவலாளி சொன்னார். ஒயர்மேனிடமிருந்து போன் எதுவும் இல்லை. ஏன் வர வேண்டும்?

மே 10, ஞாயிறு

ரோஸ் சுவரை அப்படியே விட்டுவிட்டேன். சோபாவை மட்டும் கூடத்துக்குத் தள்ளினேன்.

மாப்பிள்ளை மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். தீரவில்லை. அவருக்குச் செய்ததற்கு வருத்தமும் இல்லை. அந்த உள்ளங்கை மட்டும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 14, ஞாயிறு

பின்னறைக்குத் தனி லைனும் எர்த்தும் இழுக்க ஆள் தேவைப்பட்டது. ஊரில் எத்தனையோ ஒயர்மேன்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவருக்கே போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை காலைல வரேன்" என்றார்.

வந்தார். உள்ளங்கைத் தோல் இன்னும் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கிறது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மதியம் வரை சுவரைத் துளைத்தார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் மேசையைப் பார்த்தார். பூசணியை முக்கால்வாசி கட்டியிருந்தேன்: புதுக் கப்பாசிட்டர், புது ஃபியூஸ். மூடியின் பின்பக்கத்தில் கருகல் அப்படியே இருக்கிறது. அதை வெளுக்கவில்லை.

"ஓடுதா?" என்றார்.

ஓடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மீட்டரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்க பாருங்க."

உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பாசிட்டரை நகத்தால் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே செருகினார். மீட்டர் முனைகளைப் பலகையில் வைத்தார்.

"அஞ்சு வோல்ட் வருது" என்றார். அணைத்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டு, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.

நான் தள்ளியே நின்றுகொண்டிருந்தேன்.