பென்ஸ்தான் என்று சொல்லிவிட்டேன்

திருப்பதி, 12.8.79

அன்புள்ள நைனாவுக்கு லோயிஸின் ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். உங்களை டிரைவராக வைப்பதாகச் சொன்ன தனராஜ் முதலாளி, புது இங்கிலீஷ் காரில் எங்கள் பள்ளிக்கு வந்தார். என்னை உள்ளே உட்காரவைத்து, "எது ஒசத்தி, இதா, பென்ஸா? உங்க நைனா இன்னா சொல்லுவாரு?" என்றார்.

"பென்ஸ்தான். மலை வளைவுல ரோட்டைப் புடிச்சிக்கினு போவும். இங்கிலீஷ் கார் தூங்கத்தான் லாயக்குன்னுவாரு" என்றேன். டீச்சர்கள் சிரித்தார்கள்.

"அப்போ பென்ஸ்காரன்கிட்டயே வேலை கேக்கட்டும்" என்று போய்விட்டார்.

உண்மையில் அந்த மெத்தை சீட்டிலிருந்து எழுந்திருக்கவே எனக்கு மனமில்லை, நைனா. உங்கள் மகள் என்று காட்டிக்கொள்ளத்தான் நீங்கள் எப்போதும் சொல்வதையே சொன்னேன்.

தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது. நீங்களே கொண்டுவந்தால் நல்லது.

வார்டன் வருகிறார். பிள்ளை பொய் சொன்னது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். நான் ஒத்துக்கொள்கிறேன்.

லோயிஸ்