மூணு வாசல் மார்க்

முத்தரையன்பட்டினம்
12-2-1958

என் பிரியமுள்ள பொன்னுத்தங்கம் அக்காவுக்கு,

ரத்தினசாமி எழுதுகிறேன். சுகம். மெஸ் சோற்றைப் பற்றி எழுதினால் நீ அழுவாய், விடு.

அம்புட்டுப் படித்துவிட்டு என்ன வேலைதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். இங்கே எண்பது வருஷத்துப் பேராலயம் ஒன்று. முகப்பில் விரிசல். ஏன் என்று பார்த்து, சரிசெய்ய வரைபடம் போட எங்கள் கம்பெனி என்னை அனுப்பியிருக்கிறது. முகப்பை முதலில் வரைந்தவர் ஒரு பிரெஞ்சுச் சாமியார். தாழ்வாக, அகலமாக, மூன்று பெரிய வாசலோடு வரைந்தார். பாதி வேலையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்த வெள்ளைக்கார இன்ஜினீயருக்கு அந்த உயரம் போதவில்லை. கப்பலில் வருகிறவன் கண்ணில் படவேண்டும் என்று இரண்டு பக்கமும் கோபுரத்தை உயர்த்திவிட்டார். அழகுதான் அக்கா. சாயங்கால வெயிலில் பார்த்தால் வேலையை மறந்து நின்றுவிடுகிறேன். உனக்காக வண்ணம் தீட்டி ஒரு படம் வைத்திருக்கிறேன். அடுப்படியில் ஒட்டிக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
ரத்தினசாமி

*

சிவகாசி
3-4-1958

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

அடுப்படியில ஒட்ட விட்டாத்தானே. உன் படத்தை அத்தான் பார்த்தாக, மறுநாள் அது பிரஸ்ல இருக்கு. இந்த சீசன் நம்ம கம்பெனி வெடிக்கு அதுதான் லேபிளு. பேரு ‘மூணு வாசல் மார்க்’. மேல கோபுரம், கீழ மூணு வாசல், அடியில ‘எங்கள் தொழிற்சாலை’ன்னு எழுத்து வேற. ஏழாயிரம்பண்ணையில நமக்கு இருக்கிறது தகரக் கொட்டகைடா தம்பி. எனக்குச் சிரிப்பு அடங்கல.

லேபிளைப் பார்த்து வடக்கேயிருந்து ஆர்டர் குவியுது. தீபாவளிக்கு முன்னாடி நேர்ல வந்து கம்பெனியைப் போட்டோ பிடிக்கணும்னு ஏஜெண்ட் எழுதிட்டாரு. லேபிளை மாத்த முடியாது, கட்டுக்கட்டா அச்சடிச்சாச்சு. அதனால கட்டடத்தை மாத்துறாக. வெடியைப் பெட்டியில அடுக்குற கொட்டகை, அதான் பேக்கிங் செட்டு, அதுக்கு முன்னால உன் கோயில் முகப்பு எழும்புது. கொத்தனார் கருப்பணன் லேபிளைக் கையில வச்சுக்கிட்டுச் செங்கல் அடுக்குறான். பேக்கிங் செட்டு என் பொறுப்பாச்சே. ஆனைக்குட்டத்துல இருந்து வேன்ல வர்ற பொம்பளைகளும் நானும் இனிமே மாளிகையில உக்காந்து வெடி அடுக்கப்போறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

முத்தரையன்பட்டினம்
20-6-1958

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தபோது நண்பர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பேராலயத்தின் பக்கவாசல்களில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். கதவே இல்லை, செங்கல். கோபுரம் உயர்ந்ததும் பழைய சுவர் பாரம் தாங்கவில்லை. இன்ஜினீயர் இரண்டு பக்கவாசலையும் அடைத்துவிட்டு, அழகு கெடக்கூடாதென்று மேலே சாந்திலேயே கதவு செய்து வைத்திருக்கிறார். கட்டிய புதிதில் ஒரு திருநாளன்று முன்பந்தலில் தீப்பிடித்திருக்கிறது. ஜனங்கள் கோயிலுக்குள் தப்பிக்க அந்தக் கதவுகளைப் பார்த்து ஓடினார்களாம். பின்னால் வந்த கூட்டம் நெருக்கி, சுவரோடு சுவராகச் செத்தார்கள். இன்றைக்கும் திருநாள் பூசை முடிந்ததும் அந்தச் சுவருக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

உங்கள் முகப்பில் மூன்று வாசலும் திறக்கிறதா? வேறொன்றும் எழுத வேண்டாம், இதை மட்டும் எழுது.

ரத்தினசாமி

*

சிவகாசி
25-8-1958

ஏலே தம்பி,

திறக்காது. சரக்கு அடுக்கச் சுவர் வேணும்னு ரெண்டு பக்கத்தையும் அடைக்கச் சொல்லிட்டாக. வெளியே பச்சைக் கதவு, தாழ்ப்பாள், ஆணி முதற்கொண்டு சாந்துல செஞ்சிருக்கு. பின்வாசல்லயும் பெட்டி அடுக்கியாச்சு. இருக்கிறது நடுவாசல் ஒண்ணுதான்.

ஆனைக்குட்டத்துல இருந்து வீரலட்சுமின்னு ஒருத்தி புதுசா வந்திருக்கா, போன தையில கல்யாணம் ஆனவ. முதநாள் வேனை விட்டு இறங்கி நேராப் போய்ச் சாந்துத் தாழ்ப்பாளைப் பிடிச்சு இழுத்தா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்துருச்சு. அத்தான்கிட்டப் படிச்சுக் காட்டினேன். அது அவுக கோயிலு, இது நம்ம கம்பெனி, பத்ரகாளியம்மன் பார்த்துக்கிடுவான்னாக. அதுக்கு மேல நான் என்ன பேச?

அக்கா

*

முத்தரையன்பட்டினம்
2-9-1958

அக்கா,

பேசாதே. கருப்பணனைக் கூப்பிட்டு உடை. இங்கே மாதிரி இல்லை, உங்களுடையது பாரம் எதையும் சுமக்காத வெறும் அடைப்பு, உடைத்தால் மேலே இருந்து ஒன்றும் விழாது. அதுவரை நீ உள்ளே உட்காராதே என்று எழுத வந்தேன். நீ உட்காராவிட்டாலும் அந்தப் பெண்கள் உட்காருவார்களே. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் படம் அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

ரத்தினசாமி

*

சிவகாசி
14-10-1958

அன்புத் தம்பிக்கு,

அத்தான் லோடு ஏத்தச் சாத்தூர் ஸ்டேஷனுக்குப் போன நேரமாப் பார்த்து இடப்பக்கத்தை உடைச்சுட்டோம். வெளிச்சம் உள்ள வந்ததும் பொம்பளைக எல்லாம் கைவேலையை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பினாக. வலப்பக்கத்துல கடப்பாரையை வைக்கும்போது அத்தான் வந்துட்டாக. ஊரே கேக்கிற மாதிரிச் சத்தம். கடைசியில என்னையக் கையெடுத்துக் கும்பிட்டாக. ஏஜெண்ட் போட்டோ பிடிச்சுட்டுப் போகட்டும், தீபாவளி கழிச்சு நானே உடைக்கிறேன்னாக. கல்யாணமான நாள்ல இருந்து அவுக என்கிட்டக் கும்பிட்டுக் கேட்டது இல்ல. சரின்னுட்டேன்.

இடப்பக்கத்துக்கு ஒரு தட்டியில பச்சைக் கதவு வரைஞ்சு சாத்தி வச்சிருக்கு. தள்ளினா விழுந்துரும். பாதிப் பயம் போச்சு எனக்கு. நீயும் நிம்மதியாத் தூங்கு.

அக்கா

*

சிவகாசி
23-11-1958

தம்பி ரத்தினசாமிக்கு,

தந்தி கண்டு புறப்பட்டு வர்றேன்னு எழுதியிருக்க. இப்ப வராத. நான் உசுரோடதான் இருக்கேன். ஒரு கையில கட்டு, எழுத்து கோணலா இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கடைசி லோடு. நடுவாசல்ல இருந்த பெட்டியில தீப் பிடிச்சுக்கிச்சு. நான் தட்டியைத் தள்ளிவிட்டு இடப்பக்கமா எல்லாரையும் இழுத்து வெளிய விட்டேன். அன்னிக்குக் காலையிலதான் வேன்ல புது ஆளுக வந்திருந்தாக. அவுகளை வலப்பக்கம் உக்கார வச்சிருந்தேன். இறங்கும்போது அங்கன ஒரு கதவைப் பார்த்திருக்காகல்ல, அதைத் தேடி ஓடினாக. வீரலட்சுமி எனக்கு முன்னாடி வெளிய வந்துட்டா. அது கதவில்ல, அது கதவில்லன்னு கத்திக்கிட்டே திரும்ப உள்ள போனா. ரெண்டு பேரை என் பக்கம் தள்ளிவிட்டா. அவ வரல. மத்தவுகளும் வரல.

தீபாவளி கழியட்டும்னு அத்தான் கேட்டதுக்குச் சரின்னு சொன்னவ நான்தான். அது என்னைய விட்டுப் போகாது.

செட்டு மொத்தமும் போச்சு. முகப்பு மட்டும் அப்படியே நிக்குது. நான் உடைச்ச வாசல் வழியாக் காத்து புகுந்துதான் தீ பரவுச்சுன்னு அத்தான் பார்க்கிறவுககிட்ட எல்லாம் சொல்றாக. பொங்கல் கழிச்சு அதே முகப்புக்குப் பின்னால புதுச் செட்டு போடப்போறாகளாம். லேபிளு நல்லா ஓடுதாம். நீ வந்தா உன்னையவே ப்ளான் போடச் சொல்லணும்னு காத்திருக்காக. கேட்டுக் கடிதமும் எழுதுவாக. பதில் போடாத. அந்த முகப்புக்கு நீ ஒரு கோடு போட்டாலும் எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல.

வீரலட்சுமி வீட்டுக்காரன் ஆனைக்குட்டத்துல இருந்து நடந்து வந்து, வலப்பக்கச் சுவருக்கு முன்னால விளக்கு வச்சுட்டுப் போறான். யாரையும் ஒரு வார்த்தை ஏசல. நீ எழுதின மெழுகுவத்தி இங்கனயும் வந்துருச்சு.

இடப்பக்கத்தை மறுபடி அடைச்சுப் பூசச் சொன்னாக. கருப்பணன் சாந்தைத் தொட மாட்டேன்னுட்டான். வேற கொத்தனாரைத் தேடி அத்தான் காலையில சாத்தூருக்குப் போயிருக்காக. அவுக வர்றதுக்குள்ள நான் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸைப் பிடிக்கணும். கருப்பணன் கடப்பாரையோட அங்கன நிக்கிறான். வலப்பக்கம் இன்னும் மிச்சமிருக்கு.

உன் அக்கா
பொன்னுத்தங்கம்