பாட்டிலுக்கு ரத்தக் கொதிப்பு

மார்ச் 3, செவ்வாய்

இவர் இன்று காப்பி கேட்பதற்குப் பதில் குடை கேட்டார். கொடுத்தேன். முறைத்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இவருக்கு வார்த்தைகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தயாராகும் மூக்குச் சொட்டு மருந்தின் சோதனையில் இவர் பெயரும் இருக்கிறது. தானமாக வந்த ரத்தத்தின் தட்டணுக்களிலிருந்து எடுத்த சாறு அது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும். அடிபட்ட ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இவருக்கு அந்தக் கெடு ஏப்ரல் பத்தோடு முடிகிறது.

மருந்து பத்திரமானது என்று கையெழுத்துப் போடுகிறவள் நான். இயக்குநரிடம் போய், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். "வேற ஆள் ஏதும்மா? வீட்டுக் கவலைய பாட்டிலுக்குள்ள ஊத்தாம இருங்க, போதும்" என்றார்.

மார்ச் 6

பாதுகாப்புக் குழு அதிகாரி வந்தார். வந்தது வினை.

சாற்றில் ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் ஒன்று உண்டு. மூளைக்குள் போனால் கேடு. அதனால் சாற்றைச் சூடாக்கி அதைப் பிரித்து எடுக்கிறோம். குளிக்கிற வெந்நீரைவிடக் கொஞ்சம் அதிகச் சூடு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் சூட்டறைக்காரருக்கு எதையும் பெரிதாகச் சொன்னால்தான் திருப்தி. சூடேறிய பாட்டிலில் எல்லாம் 'கொதிப்பு உண்டு' என்று சீட்டு ஒட்டிவைப்பார்.

அதிகாரி படித்துவிட்டு, "இத்தனை பாட்டிலுக்கும் ரத்தக் கொதிப்பா?" என்றார்.

"ஒண்ணு விடல சார். நானே பக்கத்துல நின்னு ஏத்தினேன்" என்றார் சூட்டறைக்காரர், பெருமையாக.

அதிகாரி நாற்காலி தேடி உட்கார்ந்தார். மருந்து நிறுத்தம்.

மார்ச் 9

அது வேற கொதிப்பு சார் என்று விளக்கினேன். "கொதிப்புல எத்தன வகை இருக்கு?" என்று கேட்டார். இரண்டு என்றேன். குறித்துக்கொண்டார். இப்போது இரண்டாவது வகையையும் விசாரிக்கப் போகிறார்களாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

மார்ச் 16

குழுவின் உத்தரவு: பாட்டில்களின் ரத்த அழுத்தத்தை அளந்து அனுப்ப வேண்டும்.

இதற்கு அழுவதா, சிரிப்பதா?

மார்ச் 18

நர்ஸ் வந்து பாட்டிலைச் சுற்றிப் பட்டையைக் கட்டி, காற்றடித்து, காது வைத்துக் கேட்டார். "நாடியே இல்லையே மேடம். வேற பாட்டில் குடுங்க" என்றார். வேறு பாட்டில் கொடுத்தேன். நானும் சேர்ந்து குனிந்து கேட்டேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பொறுக்க மாட்டாமல் சூட்டறைக்காரர் சட்டையை மடித்துக் கையை நீட்டினார். "என்னோடத எழுதிக்குங்கம்மா, வேலை முடியட்டும்." அளந்தால் நூற்றெழுபது. மனிதருக்கு நிஜமாகவே ரத்தக் கொதிப்பு. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

மார்ச் 19

இவர் என்னைத் 'தாழ்ப்பாள்' என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். பழகிவிட்டது.

மார்ச் 27

பாட்டில்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று குழு அறிவித்துவிட்டது. சாறு உறைகிறதா என்று பார்க்கும் கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதுவும் என் கையில். இன்னும் நாள் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது காரணமில்லாமல் பூ வாங்கினேன்.

மார்ச் 30

உறைந்துவிட்டது.

சோதனைக் குழாயைச் சாய்த்தேன், சாறு வழியவில்லை. மறுபடி செய்தேன். மறுபடியும். சூட்டு இயந்திரத்தில் ஒரு பக்கம் சூடே ஏறவில்லை. கொதிப்பு உண்டு என்று ஊரையே அலறவைத்த பாட்டிலில் கொதிப்பு இல்லை.

புதிதாகத் தயாரிக்க ஏப்ரல் முழுக்க ஆகும். இவருக்கு —

லேசாத்தானே உறைஞ்சுது? யாருக்குத் தெரியப் போகுது? குழுவே சரின்னு சொல்லிடுச்சே. நான் ஒருத்தி கண்ண மூடிக்கிட்டா என்ன? — ஆனா போகப்போறது யாரோட மூளைக்குள்ள? இவரோடதுக்குள்ளதானே. இன்னும் எத்தன பேரோட மூளைக்குள்ள.

மார்ச் 31

கையெழுத்துப் போடவில்லை.

அதிகாரிக்குக் கோபம். "அழுத்தம் நார்மல்னு நாங்களே எழுதிக் குடுத்தாச்சு. நீங்க எதுக்கு நிறுத்துறீங்க?"

"கொதிப்பு பத்தல சார்."

குறிப்பேட்டை மூடினார். "இருந்தாலும் குத்தம், இல்லன்னாலும் குத்தமா?" என்றார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. என் தட்டில் இருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 10

சோதனைப் பட்டியலிலிருந்து இவர் பெயரை எடுத்துவிட்டதாக நரம்பு டாக்டர் போனில் சொன்னார். சரிங்க டாக்டர் என்றேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 4, திங்கள்

புதிய சாறு உறையவில்லை. கையெழுத்துப் போட்டேன். முதல் பாட்டிலை நானே மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர், விபத்தில் தலையில் அடி. நர்ஸ் சொட்டுக்குழாயை எடுத்தபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாதே? உங்க வீட்டுக்காரரா இருந்தா இதக் குடுப்பீங்களா?"

"குடுப்பேம்மா" என்றேன்.

என் கையை விட்டுவிட்டு, கணவரின் தலையை நிமிர்த்திப் பிடித்தார்.