வேகத்தடையில் எடுத்த படங்கள்

என் செல்ல அம்சாவுக்கு,

நாத்தனாருக்கு அண்ணி கடிதம் எழுதினால் அதில் பாதி புகாராகத்தான் இருக்கும். இதிலும் அப்படித்தான். ஊரில் உள்ள எல்லோரையும் படம் பிடித்தாயே, உன்னை ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இத்தனை மாதமாக உன் முகத்தைத் தேடி நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள்.

உன் ஃபோன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திறக்கத் திரையில் இழுக்கிற கோடு எனக்கு எப்போதோ தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து உன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். தனியாகச் சிரிக்கிறேன் என்று என்னோடு லைனில் வேலை செய்கிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உன் படங்களை முதல்முறையாகப் பார்க்கிற யாருக்கும் ஒன்று புரியாது. ஏன் எல்லாமே கோணலாக இருக்கின்றன? ஏன் மாட்டுக்கு வால் மட்டும் இருக்கிறது, தலை இல்லை? அதற்கு உன் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். கம்பெனி பஸ் பாலாற்றைத் தாண்டி நம் ஊருக்கு வராது. அதனால் அவர் வாங்கிய பழைய வெள்ளைக் காரில்தான் மூன்று பேரும் ஒரகடத்துக்கு வேலைக்குப் போனோம். அவருக்கு லாரி பாகம் செய்கிற கம்பெனி. உனக்கும் எனக்கும் பக்கத்துக் காம்பவுண்டில், காருக்கு ஒயர் கட்டுகிற லைன். கட்டிய மனைவியைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, தங்கையை முன்சீட்டில் உட்காரவைத்த மனிதர் அவர். இதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்.

பாலத்தில் கார் ஏறியதும் நீ கண்ணாடியை இறக்கிவிடுவாய். ஆற்று மணலில் எருமைகள், குழி தோண்டித் துணி துவைக்கிறவர்கள், எதைப் பார்த்தாலும் உனக்குக் கை துறுதுறுக்கும்.

"ணா, ஒரு நிமிஷம் நிறுத்து ணா. அந்த எருமைய பாரேன், எப்டி திரும்பி பாக்குதுன்னு."

"எருமைய பாத்துகினு நின்னா பஞ்ச் லேட்டாயிடும். அப்புறம் சூப்பர்வைசர் என்னை எருமன்னுவான். கம்முனு உக்காரு."

நீ அப்புறம் நிறுத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக வேகத்தடைகளைக் கண்டுபிடித்தாய். எந்த அவசரக்காரரும் அங்கே பிரேக்கை மிதித்துத்தானே ஆக வேண்டும். வாலாஜாபாத் கடைத்தெருவில் வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்று உன் அண்ணனைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். கார் மெதுவாகும் அந்தக் கொஞ்ச நேரத்தில், திரையைக்கூடப் பார்க்காமல் கையை வெளியே நீட்டி எடுத்துவிடுவாய். "இத போட்ட புண்ணியவான் நல்லா இருக்கணும் அண்ணி" என்பாய்.

ஆக, வேகத்தடைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் உன் ஃபோனில் இடம் கிடைத்தது. மற்ற வாலாஜாபாத்காரர்கள் எல்லாம் வெறும் கோடுகளாக ஓடிவிட்டார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு சலூன் வாசலுக்கு வந்து பேப்பர் வாங்குகிறவர். மொபெட்டில் முன்னால் கேஸ் சிலிண்டர், பின்னால் மாமியார் என்று போகிற பெண். கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே மாதிரி தலையைக் குனிந்து ஃபோன் பார்க்கிற நீலச் சட்டைப் பையன்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருக்கும் தனம் அக்கா, ஆவிக்குள் பாதி முகமாக. தனம் அக்காவை எத்தனை தடவை எடுத்திருக்கிறாய் அம்சா? அவருக்கே அவ்வளவு படம் வேண்டியிருக்காது.

அந்தச் சிவப்புப் படங்களும் அப்படியே இருக்கின்றன. கம்பெனி கேட்டில் ஃபோன் கேமரா மேல் செக்யூரிட்டி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாரே, அதை ஒரு நாள் சாயங்காலம் உரிக்க மறந்து, எழிச்சூரிலிருந்து ஆற்றுப் பாலம் வரை எடுத்துக்கொண்டே வந்தாய். வீட்டில் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே மங்கல் சிவப்பு. "அண்ணி, பாலாத்துல தண்ணி வந்துட்டுது, ஆனா செவப்பா வருது" என்று சொல்லிச் சிரித்தாயே தவிர, ஒன்றையும் அழிக்கவில்லை. நானும் அழிக்கவில்லை.

பாலாறு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வருஷம் ஆற்றில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. கரை தொட்டுப் போனது. பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ்காரர் விரட்டிக்கொண்டே தானும் எட்டி எட்டிப் பார்த்தார். நீ இருந்திருந்தால் அவரைத்தான் எடுத்திருப்பாய்.

நீ போனதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் முன்சீட்டில்தான் உட்கார்ந்தாய், பேசிக்கொண்டுதான் வந்தாய். திரும்பி வரும்போது உன் அண்ணனும் நானும் மட்டும் வந்தோம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் படத்தேடல் ஆரம்பித்தது. காரியத்துக்கு வைக்க ஒரு படம் வேண்டும் இல்லையா? உன் கல்யாண ஆல்பம் உன்னைக் கட்டிக்கொடுத்த அந்த வீட்டோடு போய்விட்டது. அங்கிருந்து ஒரேயடியாகக் கிளம்பி வரும்போது அதைக் கேட்டு வாங்க உனக்குப் பிடிக்கவில்லை, யாரும் உன்னை வற்புறுத்தவும் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பது நீதானா என்று ஆதாருக்கே சந்தேகம் வரும். மிச்சம் இருந்தது கம்பெனி ஐடி கார்டு. அதில் தலைமுடி தெரியாமல் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி விழித்துக்கொண்டிருந்தாய்.

அதை எடுத்துக்கொண்டு உன் அண்ணன் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போனார். தொப்பியை எடுத்துவிட்டு முடி வைத்துத் தருகிறேன் என்றார் ஸ்டுடியோக்காரர். முடியோடு நிறுத்தியிருக்கலாம். சட்டம் போட்டு வந்த படத்தில் உனக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை, கழுத்து நிறைய காசுமாலை, பின்னால் ஒரு அருவி. முகத்தை மாவு பூசிய மாதிரி வெளுத்துவேறு வைத்திருந்தார். "நகையெல்லாம் நம்ம செட்டுலயே வந்துடும் சார், எல்லாருக்கும் இததான் போடறது" என்று பெருமையாகச் சொன்னாராம்.

அத்தை அந்தப் படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, நகைக்கடை விளம்பரத்துல வர பொம்பள மாதிரி கீது. யார் வூட்டு பொம்பளைக்கு நான் வெளக்கு ஏத்தணும்?"

"அம்சாதாம்மா. கொஞ்சம் டிசைன் பண்ணிக்கீறாங்க."

"என் பொண்ணுக்கு எவனும் டிசைன் பண்ண வேணாம். எடுத்துகினு போ."

கூடத்துச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. படம் இல்லை. அத்தை என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆணிக்குக் கீழே விளக்கு வைத்தார். தினமும் சாயங்காலம் ஆணியைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆணியைப் பார்ப்பார்கள், எங்களைப் பார்ப்பார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

ஆனால் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கண்ண மூடுனா அவ மூஞ்சி வர மாட்டேங்குதுமா. குரலு வருது. கொலுசு சத்தம் வருது. மூஞ்சி மட்டும் அந்தத் தொப்பியோடதான் வருது." அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பெற்றவளுக்கே உன் முகம் மறந்துபோக விடுவதா?

உன் ஃபோனை முதலிலிருந்து கடைசிவரை அலசினேன். ஒரு மூலையில் உன் கட்டைவிரல் இருக்கிறது. சாயங்கால வெயிலில் ரோட்டு மேல் உன் நிழல் இருக்கிறது. காரின் பக்கக் கண்ணாடியில் நீயே தெரிகிறாய், ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டு ஃபோன். ஒரு செல்ஃபி கிடையாது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண்பிள்ளை இருப்பாளா?

இதற்கு நடுவே உன் அண்ணன் சேதி ஒன்று. நீ போன பிறகு வேலைக்குப் போகும்போது அவர் கடைத்தெரு வழியாகக் காரை விடவே இல்லை. ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போனார். கடைத்தெருவில் வேகத்தடை அதிகம், வண்டி கெட்டுப்போகிறது என்றார். சரி என்றேன். உன் வருஷ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது அந்தச் சுற்றுவழியில் குழாய் போடப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பழையபடி கடைத்தெருவுக்கே வந்தோம்.

பள்ளிக்கூடத்து வேகத்தடையில் கார் மெதுவானதுதான் தாமதம். தனம் அக்கா கரண்டியோடு நடு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார்.

"இன்னா சார், இவ்ளோ நாளா ஆளையே காணோம்? எங்க நம்ம போட்டோக்காரம்மா? வேலைய வுட்டுட்டாங்களா?"

எருமைக்கு நிறுத்தாத உன் அண்ணன், காரை ஓரங்கட்டி நிறுத்தினார். இன்ஜினையே அணைத்தார். இறங்கிப் போய் அவர்தான் சொன்னார். பஞ்ச் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தனம் அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டு கழுவிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "அந்தப் படம் வெச்சிகினு கீறியா, அழிச்சிட்டியா?"

அவர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். "அந்தம்மா தெனமும் எங்கள எடுத்துகினே போவாங்க சார். நாங்க மட்டும் சும்மா இருப்பமா? ஒரு நாளு நானும் ரெடியா நின்னுகினு இருந்தேன். வண்டி ஸ்லோ ஆவறப்ப பட்டுன்னு எடுத்துட்டேன்."

அம்சா, படத்தில் நீ இருந்தாய்.

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு. கையில் ஃபோன் இருக்கிறது, ஆனால் எடுக்க மறந்து கீழே இறக்கிவிட்டிருக்கிறாய். உன்னையே ஒருவர் எடுக்கிறார் என்று தெரிந்த அந்த நொடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். முடி காற்றில் பறக்கிறது, அதற்குப் பின்னால் உன் அண்ணன். அவர் பழைய கடன்காரனைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார். பின் ஜன்னலில் நான். கண்ணாடியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, வாயை ஆவென்று திறந்துகொண்டு தூங்குகிறேன். இந்தக் கோலத்தில் என்னை ஊரே பார்த்திருக்கிறது. என்னிடம் நீ ஒரு வார்த்தை சொன்னாயா?

அன்றைக்கு இரண்டு பேரும் லேட். உன் அண்ணன் சூப்பர்வைசரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. தனம் அக்கா வீட்டுக்காரர் அனுப்பிய படத்தைத் திறந்து, சாயங்காலம் அத்தை கையில் ஃபோனைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதான் என் பொண்ணு. இப்டிதான் ஈறு தெரிய சிரிப்பா" என்று சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே என் திறந்த வாயைப் பார்த்துச் சிரித்தார்.

மறுபடி அதே ஸ்டுடியோ. இந்த முறை நானும் கூடப் போனேன், அருவி வந்துவிடக் கூடாதே. ஸ்டுடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "உசுரோட கீறவங்க இருக்கற படத்துக்கு மாலை போடக்கூடாதுக்கா. ஆவாது. உங்க ரெண்டு பேரையும் வெட்டி எடுத்துட்டு அவங்கள மட்டும் பெருசு பண்றேன்." சரிதானே, எந்த வீட்டில் அப்படி மாட்டுவார்கள்? ஆனாலும் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உன் அண்ணன் ஃபோன் போட்டார்.

ஸ்பீக்கரில் அத்தை குரல் ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது. "யாரையும் வெட்ட வேணாம். மாலைதான போடக்கூடாது? மாலை வேணாம், பொட்டு வேணாம், வெளக்கு வேணாம். வெளக்க சாமிக்கு ஏத்திக்கிறேன். மூணு பேரும் அப்டியே இருக்கட்டும், கொண்டாந்து மாட்டு."

உன் வருஷ நாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் கையில் பூவை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். அப்புறம் என் வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். உன் சின்ன மாமா சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அழவேண்டிய நாளில் வீடு கலகலவென்று இருந்தது. நீ கெட்டிக்காரிதான்.

இப்போதெல்லாம் தினமும் நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் உன் அண்ணனும் நானும் கிளம்பும்போது அத்தை கூடத்தில் வந்து நிற்கிறார். எங்களைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். "மூணு பேரும் பாத்து போய்ட்டு வாங்க" என்கிறார். முதல் நாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். அப்புறம் உன் அண்ணன்தான் சொன்னார். "வர்றோம்மா."

முன்சீட்டில் இப்போது நான் உட்கார்கிறேன். வேகத்தடை வந்ததும் கண்ணாடியை இறக்கி, உன் ஃபோனை நீட்டி எடுக்கிறேன். என் மாடுகளுக்கும் வால்தான் வருகிறது. தனம் அக்கா மட்டும் எனக்காக நிமிர்ந்து நின்று போஸ் கொடுக்கிறார். அதுதான் படத்தைக் கெடுக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும். ஒன்று மட்டும் உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பாலத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் இனி நான் தூங்க மாட்டேன்.

இப்படிக்கு,
பின்சீட்டிலிருந்து முன்னால் வந்துவிட்ட
உன் அண்ணி