கண்ணாடி லிஃப்டில் அப்பா

பட்டாபிராம்,
20.8.1995

அன்பு மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு ஓயாத நினைப்பு. இங்கே இரண்டு நாளாக நல்ல மழை, ஸ்டேஷன் பக்கம் ரோடெல்லாம் ஒரே சேறு, நேற்றுப் பூசைக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன். உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்கு அடுத்த வருஷம் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிறது என்று படித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கிய பிள்ளை. அப்பாவை இனிமேல் விமானத்தில் அலைக்கழிக்க வேண்டாம், திருநின்றவூரில் ஜெயபால் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அதற்கு நீ மட்டும் வா அம்மா என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். நீ எழுதியதில் தப்பில்லை. வலது பக்கம் விளங்காமல், பேச்சும் போய், ‘சரி’ என்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிற மனிதரை இத்தனை தூரம் நான் எப்படி இழுத்துக்கொண்டு வருவேன் என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் முதலில் அதுதான் நியாயமாகப் பட்டது.

ஆனால் உங்களிடமிருந்து திரும்பி வரும்போது நடுவில் விமானம் மாறின இடத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் நான் சொல்லவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது எதைச் சொல்வது, நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அங்கே சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த ஆள் எங்களை ஒரு தூண் பக்கம் நிறுத்திவிட்டு, இதோ வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார், வரவேயில்லை. மெட்ராஸ் விமானத்துக்கு அழைப்பது காதில் விழுந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு பெண்ணிடம் டிக்கெட்டை நீட்டினேன், மேலே போக வேண்டும் என்று கையைக் காட்டினாள். ஒரு பக்கம் எஸ்கலேட்டர், அதை ஒட்டியே கண்ணாடியில் செய்த லிஃப்ட். நானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவை லிஃப்டுக்குள் விட்டேன். கைப்பை வெளியே விழுந்துவிட்டது, எடுக்கலாம் என்று திரும்பி ஒரு எட்டு வைத்தேன், அவ்வளவுதான், கதவு மூடிக்கொண்டது. மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், அப்பாவோடு லிஃப்ட் மேலே போயே விட்டது. நான் கதவைத் தட்டினேன், தமிழில் கத்தினேன். பேர் கேட்டால் பேர் சொல்லத் தெரியாது, எங்கே போகிறாய் என்றால் சரி என்பார், பாஸ்போர்ட் இரண்டும் என் பையில். யாராவது அவரைத் தள்ளிக்கொண்டு வேறெங்காவது போய்விட்டால் என்ன செய்வேன் சொல்.

எஸ்கலேட்டர் என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத்தான் தெரியுமே, உங்கள் ஊர்க் கடையில் நீ கையைப் பிடித்து இழுத்தும் நான் ஏறவில்லை. தரைக்குள்ளிருந்து படி படியாகக் கிளம்பி வருவதைப் பார்த்தாலே சேலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று தோன்றும். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. பையை எடுத்து அக்குளில் இடுக்கி, கொசுவத்தைக் கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மாதாவே என்று காலை வைத்தேன். அது என்னைத் தூக்கிக்கொண்டு போனது. பாதி உயரம் போயிருப்பேன், பக்கத்துக் கண்ணாடிக்குள் லிஃப்ட் கீழே இறங்குகிறது, உள்ளே அப்பா தனியாக உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டார். நான் மேலே போகிறேன், அவர் கீழே போகிறார், இரண்டு பேருமே நிற்க முடியாது. இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, அந்தக் கோணின வாயோடு அப்படிச் சிரித்தார் ஹில்டா. பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். திரும்பித் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு போனதில் மேலே படி முடிகிற இடத்தில் தடுமாறி விழப் பார்த்தேன், தரை கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஓடிப்போய் மேலே லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தால் அதே லிஃப்ட், அதே இடத்தில் அப்பா. யாராவது கீழே கூப்பிட்டுத்தான் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவரை வெளியே இழுக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டார். பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே, நாற்காலியில் உட்கார்ந்தவருடைய முழங்கை உயரத்தில், பெரிய பெரிய பொத்தான்கள். எழுத்து தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி புடைத்திருந்தது. இடது கை விரலால் ஒன்றை அழுத்தினார், விளக்கு எரிந்தது, என்னைப் பார்த்து “சரி” என்றார். அவரே அழுத்தித்தான் என்னைத் தேடிக்கொண்டு கீழே வந்திருக்கிறார், நான்தான் அவரைத் தேடிக்கொண்டு மேலே போயிருக்கிறேன். விமானம் போனால் போகட்டும் என்று நானும் உள்ளே ஏறி நின்றேன், இரண்டு பேருமாகக் கீழே போய், மறுபடி அவர் அழுத்தி, மேலே வந்தோம். கடைசி ஆளாக ஓடினோம், விமானம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அதே நினைப்புதான். அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என் உயிர் போய் வந்திருக்காது, அதை ஏன் யோசிக்காமல் விட்டார்கள் என்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் பொத்தானை அங்கே வைக்கச் சொன்னவர் யாரோ, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். நாம் இந்த வீட்டைக் கட்டும்போது மேஸ்திரியும் அப்பாவும் நானும் நின்றுகொண்டே கையை நீட்டினோம், ஸ்விட்ச், தாழ்ப்பாள், ரேடியோ வைக்கிற பலகை எல்லாம் அந்த உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் கவனித்தேன், அப்பா நாற்காலியில் இருந்தபடியே ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக் கையை உயர்த்தி உயர்த்திப் பார்க்கிறார், எட்டவில்லை. இத்தனை நாளும் அவருக்குப் புழுக்கமா குளிரா என்று நான்தான் முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே பஜாரிலிருந்து எலக்ட்ரீஷியன் கஜபதியை வரச் சொன்னேன். அவன் வந்து பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, இம்மாங் கீய போர்டை எறக்கினா கொயந்தைங்க கைய வெச்சிடாதா” என்றான். இந்த வீட்டில் குழந்தை ஏதப்பா, குழந்தை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்றேன். எவ்வளவு கீழே என்று நான் சுவரில் காட்டப் போனேன், அவன் என்னைக் கேட்காமல் அப்பா முன்னால் குந்திக்கொண்டான். “நைனா, நீ கைய நீட்டு. எங்க எட்டுதோ அங்கியே கோடு போட்டுடறேன்” என்றான். அப்பா கையை நீட்டினார், அவன் பென்சிலால் கோடு போட்டான், அப்பா தலையை ஆட்டி இன்னும் கொஞ்சம் தள்ளி என்று காட்டினார், அதை அழித்துவிட்டு வேறு கோடு போட்டான். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். வாய் திறந்து அவரிடம் எதையும் கேட்பதை நாமெல்லாம் எப்போது விட்டோம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். வந்த அன்றே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வா என்ற இடம் வந்ததும் ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நான் விசிறியை எடுத்தால், பக்கத்து வீட்டு டி.வி. பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கை ஸ்விட்ச் மேல் இருந்தது. நான் ஃபேனைப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தேன், அதே வரியில் மறுபடி நிறுத்தினார். பிடிக்கவில்லையா என்று கேட்டால் “சரி” என்கிறார். அவருக்கு இருப்பது அந்த ஒரு சொல்தானே, கோபத்துக்கும் அதுதான், அழுகைக்கும் அதுதான், நாம் அதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார் என்று இருந்துவிட்டோம். அந்தப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டியது, முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஏங்க, பாப்பா புதுநன்மைக்கு நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். ஃபேனைப் போட்டார்.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதுகு வலி இருக்கிறது, அவருக்கு ரத்த அழுத்தம் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை, டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டாக்டர் போகலாம் என்று சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் வருவோம். நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே, சித்தப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். நீ ராத்திரி வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை நிறுத்து, பாப்பாவுக்குக் காதை மூடுகிற குல்லா போட்டு அனுப்பு. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தங்களும் பாப்பாவுக்கு. மறக்காமல் ஒன்று செய். டிக்கெட் போடும்போது சக்கர நாற்காலிக்குச் சொல்லி வை, தள்ளுகிறவர் எங்கே போக வேண்டும், தண்ணீர் வேண்டுமா, எதுவானாலும் என்னிடம் கேட்க வேண்டாம், உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து அவரிடமே கேட்க வேண்டும் என்று எழுதிப் போடு. பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், நிற்கச் சொல்.

என்றும் உன் அம்மா,
ஜெயசீலி ஆரோக்கியசாமி